நிஞ்ஜா சட்டையில் நெய் வாசனை

நிஞ்ஜாவின் உடையில் எந்த வாசனையும் இருக்கக் கூடாது. முதல் நாள் வகுப்பிலேயே நம் குருவான சென்செய் சொன்ன விதி அது. சோப்பு கூடாது, விபூதி கூடாது, வெங்காயம் தின்றுவிட்டு வரக் கூடாது. எதிரியின் கோட்டைக்குள் நுழையும்போது காவல் நாய் மோப்பம் பிடித்துவிடுமாம். மைசூரில் நம் இருவருக்கும் எந்தக் கோட்டைக்குள்ளும் நுழைய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் தலையாட்டிக்கொண்டோம்.

போன வாரம் உங்கள் வீட்டம்மா உங்கள் கறுப்புச் சட்டையை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். "இத நீங்களே வச்சுக்கங்ணா. வேற யாருக்குக் குடுத்தாலும் இது என்னன்னு கேப்பாங்க. எனக்கு வெளக்கஞ் சொல்ல ஆவாது" என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். நெய் வாசனை அடித்தது. அதற்கு அடியில் கற்பூரம். எந்த நாயும் தெருமுனையிலேயே உங்களைப் பிடித்திருக்கும்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் சென்செய் என்னிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். நம் பிள்ளைகளைவிட இளையவர், வார நாட்களில் கைபேசிக் கடையில் உட்கார்ந்திருப்பவர், ஞாயிறு காலை மட்டும் நமக்கு குரு. "சார், ஸ்வல்ப ஹெல்ப் பண்ணுங்க. அட்மிஷன் ரொம்ப டல்லு. இன்னைக்கு எதுக்கு நிஞ்ஜுட்ஸு கத்துக்கணும்னு ஒரு பாரா எழுதிக் குடுங்க. நோட்டீஸ்ல போட்டுடறேன். நீங்கதானே நிறைய படிக்கறவர்."

அந்தப் பத்தி வரவில்லை. இந்த மடல்தான் வருகிறது.

முயன்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தற்காப்புக்கு உதவும் என்று தொடங்கினேன். மைசூரில் வாளைப் பார்க்க வேண்டுமானால் தசராவுக்குத்தான் போக வேண்டும். அந்த வாளும் நம்மைத் தாக்க வருவதில்லை. ஒற்று அறியும் கலை என்று எழுதினேன். என் தெருவில் ஓய்வு பெற்றவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் அதை நாள்தோறும் செய்கிறார்கள். மேடையில் மோதிப் பார்க்காத கலை, வெறும் நாடகம் என்று கராத்தேக்காரர்கள் சொல்வது ஓரளவு சரிதான். யாரிடமிருந்து யார் கற்றார், எந்தப் பரம்பரை அசல் என்ற வழக்கு ஜப்பானிலேயே இன்னும் தீரவில்லையாம். அதைப் படித்தபோது நம் ஊர் மடங்கள் நினைவுக்கு வந்தன. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நாம் சேர்ந்த காரணம் இவற்றில் எதுவும் இல்லை. என் மனைவி போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரே தொழிற்சாலையில் நீங்கள் ஸ்டோர்ஸிலும் நான் கணக்குப் பிரிவிலும் வேலை பார்த்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றவர்கள் நாம். டாக்டர் உங்களை நடக்கச் சொன்னார். குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி ஒரு வாரம் நடந்துவிட்டு வந்து, "அங்க போனா நமக்கு இல்லாத நோயெல்லாம் வந்துருமுங்க சார். அத்தனை பேரும் சக்கரையப் பத்தியே பேசறாங்க" என்றீர்கள். பிறகு ஒரு நாள் பத்திரிகைக்குள் வைத்து வந்த நோட்டீஸை என் வாசலில் நின்று நீட்டினீர்கள்.

"ஏனுங்க சார், வர்றீங்களா? ஜப்பான்காரனாட்டம் உருளலாமுங்க."

"இந்த வயசுல எதுக்குங்க உருளணும்?"

"இந்த வயசுலதானுங்க உழுவோம். எப்படி உழுவறதுன்னு சொல்லிக் குடுக்கறாங்களாமா. வந்து பாருங்க. வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

கடைசிக் கேள்வி சரியான கேள்வி. அதனால் சேர்ந்தேன்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். ஜப்பானிய மரபுப்படி அல்ல, பஞ்சாங்கப்படி நடந்த வகுப்பு அது. முகூர்த்த நாள் என்றால் மண்டபம் நமக்கு இல்லை. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கீழிருந்து சாம்பார் கொதிக்கும் வாசனையில் நாம் பூனை நடை பழகினோம். ஒரு முறை பந்திக்கு ஆள் தேடி வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், கறுப்பு உடையில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த உங்களைப் பார்த்து, "ஏனு ஸ்வாமி, ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார். சாப்பாடு ஆயிற்று என்றீர்கள். இன்னும் ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு வருத்தப்பட்டோம். கல்யாணங்கள் இல்லாத ஆஷாடம் என்கிற ஆடி மாதம்தான் நிஞ்ஜாக்களுக்கு நல்ல காலம்.

உடையைத் தைத்தவர் மண்டி மொஹல்லா தையற்காரர். அளவெடுக்கும்போது அவர் கேட்டது நினைவிருக்கிறதா? "சட்டைக்கு எதுக்கு சாமி இத்தன கயிறு?" நீங்கள் ஜப்பானைப் பற்றி விளக்கத் தொடங்கினீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த மலையா இருந்தாலும் கறுப்புத் துணி ஒண்ணுதான்" என்று கத்தரியை எடுத்தார். கார்த்திகை மாதத்தில் இரண்டு பேர் வந்து கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் கேட்டால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சபரிமலைக்கு மாலை போட்டுக் குழுக்களை அழைத்துப் போகும் குருசாமியாகவும் அவர் இருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை.

விழக் கற்றுக்கொண்டோம். மோவாயை நெஞ்சில் ஒட்டி, தோளில் இருந்து இடுப்புக்கு உருண்டு, எழுந்து நிற்பது. ஒரு வருடத்தில் நீங்கள் சத்தமே இல்லாமல் விழுந்தீர்கள். நான் விழுந்தால் கீழே இருந்த சமையல்காரர் மேலே வந்து பார்ப்பார். பிறகு மணிக்கட்டுப் பிடிகள். நீங்கள் என் மணிக்கட்டைப் பற்ற வேண்டும், நான் முறுக்கி விடுவித்துக்கொள்ள வேண்டும். நோட்டீஸில் போட முடியாது என்பதால் இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அந்த நாட்களில் வாரம் முழுவதிலும் இன்னொரு மனிதக் கை என் கையைப் பிடித்தது அப்போது மட்டும்தான். உடைப்பதற்காகத்தான் பிடித்தீர்கள் என்றாலும், கை கைதான். நான் விடுவித்துக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்வதாக சென்செய் குறைப்பட்டுக்கொண்டார்.

எனக்குக் கடைசிவரை பிடிபடாதது கண்மூடிப் பயிற்சி. முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பின்னால் ஒருவர் சுருட்டிய செய்தித்தாளோடு நிற்பார். அவர் அடிக்க நினைக்கும் கணத்தில் நமக்குத் தெரிந்து உருண்டுவிட வேண்டும். நீங்கள் உருண்டுவிடுவீர்கள். என் தலையில் அடி விழும். ஒவ்வொரு வாரமும் விழுந்தது. "உங்களுக்கு அடி உழுந்தாத்தானுங்க தெரியும்" என்று சிரிப்பீர்கள். அதை ஒரு வசையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கொள்ளேகாலுக்கு அப்பால் ஹனூர்ப் பள்ளியில் செய்முறை காட்டப் போனோமே, அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியிருக்கிறது. சென்செய் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். உடை மாற்றப் பள்ளியில் இடமில்லை என்று நாம் கறுப்பு உடையிலேயே திரும்பும் பேருந்தில் ஏறினோம். மார்கழி பிறந்திருந்தது. கட்டைவிரல் பிரிந்த அந்த ஜப்பான் செருப்பின் அடிப்பாகம் மாணவர்கள் முன்னிலையில் கழன்று விழுந்துவிட்டதால் நீங்கள் வெறுங்காலோடு இருந்தீர்கள். ஓய்வு பெற்ற பிறகு யாருக்காகச் சவரம் செய்வது என்று விட்டிருந்த தாடி வேறு. கண்டக்டர் உங்களுக்கு முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். எனக்குச் செருப்பு இருந்ததால் நின்றுகொண்டு வந்தேன்.

பக்கத்து இருக்கைப் பெண் மடியில் ஒரு குழந்தையை வைத்திருந்தாள். உங்களையே பார்த்துக்கொண்டு வந்தவள் கடைசியில் கேட்டாள்.

"சாமி, மலைக்குத்தானுங்களே?"

"இல்லீங்கம்மா, நாங்க வந்து... ஜப்பான்ல..."

"எம் மகளுக்கு வயசு அஞ்சு ஆவுது சாமி. இன்னும் பேச்சு வல்லீங்க. பேச்சு வந்தா மலையில மணி கட்டறேன்னு நெனைச்சேன். அப்புறம், வந்தப்பறம் எதுக்குக் கட்டோணும், முன்னாலயே கட்டிப்போடலாமுன்னு தோணுச்சுங்க. இவிங்கப்பன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலையில. லீவு குடுக்க மாட்டேங்கறாங்களாமா. நான் போற வயசும் இல்லீங்க. நீங்க கட்டிப்போடுங்க சாமி."

பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை மணியை எடுத்து உங்கள் கையில் வைத்தாள். குனிந்து உங்கள் காலைத் தொட வந்தாள். நீங்கள் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தேன். வகுப்பில் ஒரு நாளும் அப்படி ஒரு பின்வாங்கலைச் செய்ததில்லை நீங்கள். குழந்தை ஜன்னல் வழியாகக் கரும்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொள்ளேகால் பேருந்து நிலையத்தில் நான் நடைமுறைக்கு ஏற்ற யோசனை ஒன்று சொன்னேன். "இங்கயே நாலு சாமிங்க நிக்கறாங்க. யார்கிட்டயாவது குடுத்துருங்க."

"குடுத்தர்லாமுங்க."

நான் மைசூர் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது உங்கள் கையில் மணி இல்லை.

"குடுத்தாச்சா?"

"ஒரு சாமிகிட்ட இருக்குதுங்க."

அன்று வண்டியில் நான் மிகுந்த உற்சாகத்தில் இருந்தேன். புத்தகத்தில் படித்ததை உங்களுக்கு வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பழைய நிஞ்ஜாக்கள் கறுப்பு உடை அணிந்ததாகவே தெரியவில்லையாம். போகும் ஊரில் எல்லோரும் என்ன உடுத்துகிறார்களோ அதையே உடுத்துவார்களாம். விவசாயியாக, வியாபாரியாக, மலைக்குப் போகும் துறவியாக. மார்கழி மாதத்து மைசூரில் மறைந்து திரிய இதைவிடச் சிறந்த வேஷம் இல்லை, உலகத்திலேயே கறுப்பு உடையில் உண்மையாக மறைந்த நிஞ்ஜாக்கள் நாம் இருவர்தான் என்றேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஆமாங்க சாமி" என்றீர்கள். அன்றிலிருந்து வேடிக்கைக்கு நாம் ஒருவரை ஒருவர் சாமி என்றே கூப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வெறுங்காலோடு வந்தீர்கள். செருப்பு தைக்கவில்லையா என்றேன். "குளுருக்குப் பழகறனுங்க சாமி." வகுப்பு முடிந்து வழக்கமான ஹோட்டலில் மசாலா தோசை வேண்டாம் என்றீர்கள். "வெங்காயம் ஆவாதுன்னு சென்செய் சொன்னாருல்லீங்க?" இடுப்புக் கயிற்றில் ஒரு மணி தொங்கியது. பூனை நடை பழக என்றீர்கள். மணி சத்தம் போடாமல் மண்டபத்தை ஒரு சுற்று வந்து காட்டினீர்கள். சென்செய் அசந்துபோய், "சூப்பர் சார்! எல்லாரும் இதே மாதிரி ஒரு மணி கட்டிக்கிட்டு வாங்க" என்று அதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டார். நான் தேவராஜ மார்க்கெட்டில் ஒன்று வாங்கினேன். நான் நடந்தால் ஐஸ் வண்டி வருவதாகக் கீழே பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

பொங்கல் சமயத்தில் சில நாட்கள் காணவில்லை. "தெக்கால போறனுங்க" என்றிருந்தீர்கள். ஊரில் கரும்பு வெட்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். திரும்பி வந்தபோது இடுப்பில் மணி இல்லை.

"மணி எங்க சாமி?"

"போன எடத்துலயே உட்டுட்டு வந்துட்டனுங்க."

தொலைத்துவிட்டார் பாவம் என்று என் மணியைக் கழற்றி உங்களிடம் கொடுத்தேன். "எனக்கு இது அடங்க மாட்டேங்குது. நீங்களே வச்சுக்கங்க." வாங்கி உள்பையில் போட்டுக்கொண்டு, "உங்க மணியுங்களா?" என்று ஒரு முறை கேட்டீர்கள். ஆமாம் என்றேன். கேட்ட தொனியை இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

வருடங்கள் இப்படியே ஓடின. இந்த ஆடியில் நீங்கள் போனீர்கள். கல்யாணங்கள் இல்லாத, மண்டபம் முழுவதும் நமக்கான மாதம். காலைக் காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தீர்களாம். டம்ளர்கூட உருளவில்லை என்றார் வீட்டம்மா.

அதன் பிறகும் நான் வகுப்புக்குப் போகிறேன். போய் நிற்கிறேன். நிஞ்ஜுட்ஸுவின் பெரிய குறை, அதைத் தனியாகச் செய்ய முடியாது என்பது. யோகாவைத் தனியாகச் செய்யலாம், ஏரியைத் தனியாகச் சுற்றலாம். மணிக்கட்டைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். சென்செய் புதிதாகச் சேர்ந்தவர்களில் யாரையாவது என்னோடு ஜோடி சேர்க்கப் பார்க்கிறார். அவர்கள் என் வயதைப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவது போல மெதுவாகப் பிடிக்கிறார்கள். கையை எடுத்தால் விட்டுவிடுகிறார்கள். விடுவித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

இந்த நிலையில்தான் சட்டை வந்தது. உள்பையில் கை விட்டேன். என் மணி. அதன் நாக்கைச் சுற்றிப் பஞ்சு வைத்து, மேலே மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டிருந்தீர்கள். பூனை நடைக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை என்பது எனக்கே தெரிந்தது. மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன்.

வீட்டம்மா மணியைப் பார்த்ததும், "அய்யோ, இது அதுலயா இருந்துச்சு?" என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். அந்த ஹனூர்ப் பேருந்துக்கு மறுநாளே நீங்கள் தையற்காரரிடம் போய் மாலை போட்டுக்கொண்டதை. பொங்கலுக்கு நெய்த்தேங்காயோடு மலையேறி அந்தக் குழந்தையின் மணியைக் கட்டிவிட்டு வந்ததை. அதற்குப் பிறகு வருடா வருடம் போனதை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயேம்மா. நான் கிண்டல் பண்ணுவேன்னா?"

"அதெல்லாம் இல்லீங்ணா. சார் எப்பக் கண்டுபுடிக்கறாருன்னு பாக்கலாம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்தவொடனே நான் கேப்பேன், இன்னைக்காவது கண்டுபுடிச்சாரான்னு. இல்லேம்பாரு."

மாலை சட்டைக் கழுத்துக்குள் இருந்திருக்கிறது. தாடி இருந்தது, வெறுங்கால் இருந்தது, கறுப்பு இருந்தது, சாமி என்று என்னைக் கூப்பிட்ட வாயும் இருந்தது. நீங்கள் என்னிடம் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. உங்கள் மணிக்கட்டை வாரா வாரம் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியவில்லை. வேஷத்துக்குள் நிஜத்தை ஒளித்துவைக்கும் இந்தப் பாடம் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"இந்த மணி?" என்று கேட்டேன்.

வீட்டம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டார். "இந்த வருசம் உங்களுக்காவக் கட்டோணும்னு இருந்தாருங்ணா. உங்க பையன் உங்ககூடப் பேசோணும்னு."

என் மகனைப் பற்றி உங்களிடம் நான் வேடிக்கையாகத்தான் சொல்லிவந்தேன். புனேயில் இருந்து தினமும் காலையில் கைபேசியில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறான், நானும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்புகிறேன், துரோணர் பார்த்தால் மகிழ்வார் என்று. எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரித்ததில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் செய்திருக்கலாம். அவன் அம்மா இருந்தவரை அவள் பேசினாள், நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் போன பிறகு கேட்பவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். அதை நீங்கள் ஒரு நோயாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் எனக்கும் ஒரே வைத்தியம்.

மணியை எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போனேன். குழுவோடு கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள் என்றேன். அவர் தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுக்கவில்லை.

"நான் கொண்டு போனா அது பார்சல் சாமி. நீங்க வாங்க."

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க."

"அவரும் அதேதான் சொன்னாரு. நம்பிக்கை இல்ல, ஆனா அந்தம்மா நம்பிக் குடுத்துருச்சேன்னாரு. உங்களுக்கும் ஒருத்தர் நம்பி வச்சிட்டுப் போயிருக்காரு. புதுசா துணிகூட எடுக்க வேண்டாம். நான் தச்ச கறுப்புதான் இருக்குதே." பிறகு சேர்த்துக்கொண்டார். "அந்தக் கயிறெல்லாம் மட்டும் வெட்டிருங்க. ஏறும்போது கால்ல சிக்கும்."

நேற்றுக் காலை மாலை போட்டுக்கொண்டேன். வாதாட ஆள் இல்லாத வீட்டில் கொள்கையோடு இருப்பது கடினம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மலையில் கைபேசி எடுக்காது, கட்டைவிரல் வராவிட்டால் அவன் பயப்படுவான் என்று மகனுக்குத் தகவல் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் இதை எப்படி எழுதினாலும் நையாண்டி போல இருந்தது. அதனால் கூப்பிட்டேன்.

"அப்பா? என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. மாலை போட்டிருக்கேன். மலைக்குப் போறேன்."

சிரித்தான். அவன் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். அவன் அம்மாவுடையது. "நீங்களா? அப்பா, நீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா, போனை அவங்ககிட்ட குடுங்க."

"பக்கத்துல யாரும் இல்லை."

அவன் சிரிப்பு நின்றது. "உங்க நிஞ்ஜா ஃபிரெண்டு இருப்பாரே?"

அப்போதுதான் நினைவுக்கு வந்தது, உங்கள் செய்தியை அவனுக்கு நான் சொல்லவேயில்லை என்று. கட்டைவிரலில் அதைச் சொல்ல வழியில்லை. சொன்னேன். ஆடியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போய், பேருந்து, மணி, வெங்காயம், தையற்காரர் வரை சொன்னேன். அவன் இடையில் ஒன்றிரண்டு கேள்வி கேட்டான். அவன் என்னோடு பேச வேண்டும் என்று நீங்கள் முடிந்துவைத்ததை மட்டும் சொல்லவில்லை. வேண்டுதலைக் கட்டும் முன்னால் சொல்லக் கூடாது என்று தையற்காரர் சொல்லியிருந்தார்.

"அந்த கிளாஸுக்கு இன்னும் போறீங்களாப்பா? அதுல என்னதான் இருக்கு?"

"விழச் சொல்லிக் குடுக்கறாங்க."

"அவ்ளோதானா?"

"பிடிச்சுக்க ஒரு ஆளும் குடுத்தாங்க."

மலையில் இறங்கும்போது முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். இறங்கியதும் கூப்பிடச் சொன்னான். "கூப்பிடுங்க. மெசேஜ் வேண்டாம்."

மணி இன்னும் மைசூரை விட்டுக் கிளம்பவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். இதிலிருந்து எந்த முடிவுக்கும் நான் வரவில்லை. போனை வைத்ததும் வீடு பழையபடி ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்லிச் சிரிக்க நான் ஒரே ஓர் ஆளைத்தான் தேடினேன்.

சென்செய்க்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். "நிஞ்ஜுட்ஸு இன்றைக்கு எந்த எதிரியிடமிருந்தும் உங்களைக் காப்பாற்றாது. குளியலறையில் வழுக்கினால் ஒருவேளை காப்பாற்றும். ஆனால் இதைத் தனியாகக் கற்க முடியாது. ஆகவே கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்." அவர் இரண்டு முறை படித்தார். "சார், இது ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா இத போட்டா யாரும் வர மாட்டாங்க" என்றார். நோட்டீஸில் தன்னம்பிக்கை, மன அமைதி, சுறுசுறுப்பு என்று போட்டிருக்கிறார்.

இன்று வகுப்புக்கு வெறுங்காலோடு போனேன். உங்கள் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். என்னுடையதில் நெய் வாசனை இல்லை. கண்மூடிப் பயிற்சியில் உட்கார்ந்தேன். வழக்கம்போல அடி விழுந்த பிறகுதான் தெரிந்தது. "சார், ஏன் செருப்பு போடல?" என்று சென்செய் கேட்டார். "குளிருக்குப் பழகறேன்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

மணி உள்பையில் இருக்கிறது. மண்டபத்தை ஒரு சுற்று நடந்து வந்தேன். சத்தமே இல்லை. என் நடையில் அது அடங்கியது இதுதான் முதல் முறை. காரணம் நான் இல்லை, உங்கள் பஞ்சும் உங்கள் முடிச்சும்தான். அதை மலை உச்சியில் அவிழ்த்தால் போதும். அதுவரை நீங்கள் இறுக்கியது அப்படியே இருக்கட்டும்.